ஏழு எட்டு

புதன்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்கு அந்தத் தாள் என் கைக்கு வந்தது. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரின் வாசலில் நின்றபடியே உறையைப் பிரித்தேன். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நாலு நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவள், என் தோளில் சாய்ந்து நின்றிருந்தாள். இடது சினைப்பையில் நீர்க்கட்டி என்றும், அளவு 7.8 செ.மீ. என்றும் ஆங்கிலத்தில் அடித்திருந்தது. படம் எடுக்கும் தாள் தீர்ந்துவிட்டதாம், எழுத்து மட்டும்தான் கொடுத்தார்கள். எதிர்க்கடைச் சுவரில் கடிகாரம் தொங்கியது. அதை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. பார்த்த நேரம் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சென்டிமீட்டரை மில்லிமீட்டர் ஆக்கப் பத்தால் பெருக்கு, புள்ளியை ஓர் இடம் வலப்பக்கம் தள்ளு என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறவள். அந்த வாசலிலும் மனம் தானாகத் தள்ளியது. எழுபத்தெட்டு மில்லிமீட்டர். கணக்கு சரி. அதற்குமேல் அந்த எண்ணை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். இதை எழுதுவது அவருக்காகத்தான்.

சிலமலையிலிருந்து வந்து, எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஏலக்காய்க் கோடவுன் ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை. மில்லிமீட்டரை ‘எம்மெம்’ என்றே சொல்வதால் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘எம்மெம் அக்கா’. பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். பள்ளி ஆண்டுவிழாவில் அவரைப் பற்றிப் பேசட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். “என் பேர எங்கயாச்சும் சொன்னீங்க, எழுதுனீங்க, அப்பறம் டீச்சருன்னு பாக்க மாட்டேன்” என்றார். சொன்னதைச் செய்கிறவர் அவர்.

வாயாடி என்பார்கள். திமிர் பிடித்தவள் என்பார்கள். இப்போதும் தெருவில் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் அப்படிச் சொல்லத்தான் செய்கிறார்கள். நான் மறுப்பதில்லை. திமிர்தான், அது இல்லாத ஆட்கள்தான் எனக்கு இப்போது பயம் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

போடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஏலக்காயின் மதிப்பு அதன் பருமனில் இருக்கிறது. வட்ட ஓட்டை போட்ட சல்லடையில் காயைச் சலிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் ஓட்டையில் விழாமல் மேலே நிற்பது ‘எட்டு’. அதில் விழுந்து, ஏழு மில்லிமீட்டர் ஓட்டையில் விழாமல் நிற்பது ‘ஏழு எட்டு’. அதற்கும் கீழே விழுந்தால் இன்னும் மலிவு. மில்லிமீட்டர் என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதுகூட இல்லை. எட்டு என்றால் எட்டுதான். ஒரு நூல் கனம் என்று மற்ற ஊர்க்காரர்கள் அலட்சியமாகச் சொல்லும் வித்தியாசத்தில் எங்கள் ஊர் பிழைக்கிறது.

அவரை நான் முதலில் சந்தித்ததே இதை வைத்து வந்த ஒரு சண்டையில்தான். அவருடைய தங்கை மகள் என் ஆறாம் வகுப்பில் படித்தாள். கோடிட்ட இடத்தைப் பொருத்தமான அளவால் நிரப்பச் சொல்லி ஒரு கேள்வி வைத்திருந்தேன். பென்சில், கதவு, ஏலக்காய். ஏலக்காய்க்கு 2 செ.மீ. என்று விடை எதிர்பார்த்தேன். அந்தப் பெண் 8 மி.மீ. என்று எழுதியிருந்தாள். தப்பு என்று கோடு போட்டேன்.

மறுநாள் இடைவேளையில் வகுப்பு வாசலில் ஓர் அம்மாள். கையில் விடைத்தாள்.

“ஏலக்கா ரெண்டு சென்டியா டீச்சர்?”

“ஆமாம்மா. நீளம் ஏறக்குறைய ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும்.”

“நீளத்த யாரு கேட்டா? நீளத்த வச்சு எந்தக் கடையில காய் வாங்குறான்? நீங்க இந்த ஊருதான?”

நான் வேப்பமரத்தடிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், கேள்வியில் நீளமா அகலமா என்று குறிப்பிடாதது என் பிழை என்று ஒப்புக்கொண்டேன். பெரிய மனசு காட்டுவதாக நினைத்து அரை மதிப்பெண் போட்டேன். அவர் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

“அரை மார்க்கு எதுக்கு? ஒண்ணு சரியின்னு போடுங்க, இல்ல தப்புன்னு போடுங்க. ஏழுமில்ல எட்டுமில்லன்னு ஒரு காய நான் போட்டா முதலாளி கேப்பாருல்ல?”

முழு மதிப்பெண் போட்டேன். அதன்பிறகு தெருவில் பார்த்தால் சிரிப்போம். பிறகு பேசினோம். பிறகு அவர் வேலை முடிந்து வரும் வழியில் எங்கள் வீட்டுப் படியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அவர் எழுந்து போன பிறகும் அந்த இடம் ஏலக்காய் மணக்கும்.

அவருடைய பேச்சில் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வரும். “காட்டு.” யார் எந்த அளவைச் சொன்னாலும் அதுதான் பதில். பிள்ளைக்கு முழங்காலில் இரண்டு சென்டிக்குக் காயம் என்றால் “காட்டு”. தையல்காரர் ஒன்றரை சென்டி உள்ளே பிடிக்கட்டுமா என்றால் “காட்டு”. சொன்னவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லோரும் தப்பாகத்தான் காட்டுவோம். அவர் நம் விரல் இரண்டையும் பிடித்து, கொஞ்சம் ஒடுக்கியோ அகட்டியோ வைப்பார். “இம்புட்டு. இதுதான் ஒன்றரை.” சந்தேகப்பட்டு ஸ்கேல் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. நானும் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர்கூடத் தவறியதில்லை என்று எழுத ஆசைதான். ஒன்று, சில நேரம் இரண்டு தவறும். பெரிய அளவுகளில் இன்னும் தவறும். அவருடைய ராஜ்யம் பத்து மில்லிமீட்டருக்குள்தான்.

அந்த ராஜ்யத்துக்குள் அவர் யாருக்கும் பயப்படவில்லை. ஒரு சீசனில் அவர் வேலை பார்த்த கோடவுனுக்குப் புதுச் சல்லடைத் தகடு வந்தது. ஓரத்தில் எட்டு என்று பொறித்திருந்தது. முதல் நாள் சலித்து வந்த குவியலில் கை வைத்ததும் நிறுத்திவிட்டாராம். கூட வேலை பார்த்த பெண்கள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“இது எட்டு இல்ல” என்றிருக்கிறார்.

“தகடுல எட்டுன்னு போட்டுருக்குல்ல?” என்று முதலாளி கேட்டார்.

“தகடுல போட்டுருக்கு. காயில இல்ல. ஓட்டை சின்னது. ஏழரைக் காயெல்லாம் மேல நிக்கிது.”

“ஒனக்கென்ன கண்ணுக்குள்ள மிஷினா வச்சிருக்கு?”

“கண்ணுல இல்லண்ணே, வெரல்ல. லேத்துப் பட்டறையில அளக்குற சாமான் வச்சிருப்பாங்க. கொண்டாரச் சொல்லுங்க, அளந்துருவோம்.”

முதலாளி கொண்டுவரச் சொல்லவில்லை. அதுவே போதுமான விடை என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. “பேசாம பொறுக்கிப் போடு” என்றார். இவர் எழுந்து, மடியில் கிடந்த தூசியைத் தட்டிவிட்டு, “எட்டுன்னு சொல்லி நான் போட மாட்டேன். வேணும்னா ஏழரைன்னு எழுதி மூட்டையில அட்டை குத்துங்க, போடுறேன்” என்றிருக்கிறார். அன்றோடு அந்த வேலை போயிற்று. நாலு மாதம் சும்மா இருந்தார். பிறகு வேறு கோடவுனில் எடுத்தார்கள். அரை மில்லிமீட்டருக்காகவா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் கணவருக்குக் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஐப்பசியில் ஒருநாள் அவர் கிளம்பும்போது, மலையில் நூறு மில்லிமீட்டர் மழை பெய்யக்கூடும் என்று டிவியில் சொன்னார்கள். நான் போக வேண்டாம் என்றேன். எதற்கும் பயப்படுகிறவள் என்று எனக்கு வீட்டில் ஏற்கெனவே பெயர். படியில் உட்கார்ந்திருந்த எம்மெம் அக்கா சிரித்தார்.

“நூறு எம்மெம்முனா பத்து சென்டி டீச்சர். என் சாண்ல பாதி. கணுக்கால் நனையுமா? தம்பி, நீங்க போயிட்டு வாங்க.”

கணவர் ஜீப்பில் போனார். மழை பெய்தது. ஓடையில் தண்ணீர் மரத்தைப் பெயர்த்துக்கொண்டு இறங்கி, பாதை அறுந்து, இரண்டு நாள் அவர் மேலேயே மாட்டிக்கொண்டார். போன் இல்லை. இரண்டு நாளும் நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவர் சேறு படிந்த வேட்டியோடு வந்து சேர்ந்த பிறகு, எம்மெம் அக்கா வாசலுக்கு வந்து நின்றார். உட்காரவில்லை.

“எம்மேலதான் தப்பு. மலை பூராப் பேஞ்ச பத்து சென்டியும் ஒரே ஓடையில வந்து சேரும்னு நான் நெனச்சுப் பாக்கல. காயி கெடந்த எடத்துல கெடக்கும். தண்ணி கெடக்காதுல்ல? நான் சொல்லியிருக்கக் கூடாது.”

நான் ஒரு மாதம் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் புதன்கிழமை அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது இது எங்கள் எல்லோர் மனதிலும் இருந்தது.

அந்தப் புதன்கிழமை மத்தியானம், எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மகளின் வயிற்றைத் தொட்டதும் அவள் அழுதாள், கையை எடுத்துவிட்டார். “இந்த வயசுல இவ்வளவு பெருசுன்னா வச்சுக்கிட்டிருக்கக் கூடாது. முறுக்கிக்கிட்டா ஆபத்து. மதுரைக்குப் போயிருங்க” என்றார். என் கணவரின் அக்காவான மதினிக்கு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பினோம். நாளைப் பகல் ஒரு மணிக்குள் வந்து சேருங்கள், மறுநாள் காலை ஆபரேஷன் என்று பதில் வந்தது. அங்கே மறுபடி ஸ்கேன் எடுப்பார்களா என்று கேட்டேன். ரிப்போர்ட்தான் இருக்கிறதே என்றார்கள்.

மதினி உடனே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைச் சாத்தினார். “யாருகிட்டயும் மூச்சு விடாத. பொம்பளப் பிள்ள. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது, கட்டி எடுத்தாக, ஒரு பக்கம் இல்லன்னு பேச்சு வரும். குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிக்கிருவோம்.”

ஒரு பக்கம் இல்லை என்ற சொல் என்னை எங்கேயோ அறைந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் கூடத்தில் எம்மெம் அக்கா நிற்கிறார். சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். மகள்தான் அவரிடம் சொல்லியிருந்தாள்.

“எம்புட்டு டீச்சர்?”

“ஏழு புள்ளி எட்டு சென்டிமீட்டர்.”

“காட்டுங்க.”

“எழுபத்தெட்டு மில்லிமீட்டர்க்கா.”

“கணக்குக் கேக்கல. காட்டுங்க.”

கையைத் தூக்கினேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஓர் அங்குலம் விலகி நின்றன. அதற்குமேல் அகல மறுத்தன. அவர் என் விரலைப் பிடிக்கவில்லை. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவரச் சொன்னார். காம்பஸில் பாதி அளவு, முப்பத்தொன்பது மில்லிமீட்டர் வைத்து ஒரு பழைய நோட்டின் அட்டையில் வட்டம் போட்டேன். கத்தரித்துக் கையில் எடுத்தபோதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு நல்ல சாத்துக்குடியின் குறுக்களவு. உள்ளங்கை நிறைந்து விரல் அடி வரை போயிற்று.

மகள் அப்போது குச்சி மாதிரி இருப்பாள். பாயில் மல்லாந்து படுத்திருந்தவளின் அடிவயிற்றில் அந்த அட்டையை வைத்தோம். ஒரு பக்கத்து இடுப்பெலும்பிலிருந்து தொப்புளுக்கு நேராக வந்துவிட்டது.

“அட்டையா இருக்கப்பயே இம்புட்டு எடம் அடைக்கிது. இது உருண்டை. உள்ள கெடந்தா வயிறு ஒரு பக்கமா மேடு தட்டாதா? ஏன் ஆத்தா, பாவாடை நாடா எறுக்குதா?”

“இல்லத்தே. எப்பவும் போலத்தான் இருக்கு.”

“அந்த ரூமுல என்ன நடந்துச்சு, சொல்லு.”

மகள் சொன்னாள். டாக்டரம்மா வயிற்றில் தேய்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார்களாம், ஓர் அக்கா கம்ப்யூட்டரில் அடித்தாளாம். கிட்னி ஒன்பது புள்ளி ஒன்று. கர்ப்பப்பை ஆறு புள்ளி இரண்டு. கடைசியில் இடது பக்கம் வந்து, “ஏழு, எட்டு” என்றார்களாம்.

“ஏழு புள்ளி எட்டா?”

“இல்லத்தே. ஏழு, எட்டுன்னாங்க.”

“மத்ததுக்கெல்லாம் புள்ளி சொன்னாங்களா?”

“சொன்னாங்க. இதுக்கு மட்டும் சொல்லல.”

எம்மெம் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுல காய் இருக்கா?”

டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். நாலைந்தை விரலில் உருட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தார். அதை அந்த வட்ட அட்டையின் நடுவில் வைத்தார். ஒரு தாம்பாளத்தில் ஒற்றை ஏலக்காய் கிடக்கிற மாதிரி இருந்தது.

“இது ஏழு எட்டு. எங்க சோலியில புள்ளி வைக்காம ஏழு எட்டுன்னா, ஏழு எம்மெம்முக்கும் எட்டு எம்மெம்முக்கும் நடுவுல நிக்கிற காயி. அந்தப் பிள்ள தானாப் புள்ளி வச்சு அடிச்சிருச்சு. சென்டின்னு எல்லாத்துக்கும் வந்தது இதுக்கும் வந்துருச்சு.”

மதினி அதுவரை கதவோரம் நின்றிருந்தார். “ஏலக்காய்க் கடையும் ஆஸ்பத்திரியும் ஒண்ணாடி? அன்னைக்கு மழைக்கும் இப்படித்தான் கணக்குச் சொன்ன. எந் தம்பி செத்துப் பொழச்சு வந்தான்.”

“ஆமா. அன்னைக்குத் தப்பு. இன்னைக்கும் தப்பா இருக்கலாம். அதான் சொன்னவங்கள கேட்டுட்டு வருவோம்ங்கறேன். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டா என்ன கொறஞ்சு போகும்?”

இரவு முழுக்க நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத முடியவில்லை. அந்த அட்டை தலைமாட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அவர் எங்கள் தெருவில் இல்லை. மலைக்கு மேலே, எல்லைக்கு அந்தப் பக்கம், மகன் வேலை பார்க்கும் எஸ்டேட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. போன் வைத்துக்கொள்ளாதவர். ஒருமுறை தேடிப் போனேன், வேறு எஸ்டேட்டுக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். மகள் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். போனில் அவள் வயிறு வலிக்கிறது என்றால் “எங்கே, எவ்வளவு, எப்போதிருந்து” என்று அடுக்கிக்கொண்டே போவேன். டாக்டர்களிடமும் அப்படித்தான். எரிச்சல்படுகிறார்கள். படட்டும். எனக்குப் புரியும் வரை எழுந்திருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு ஸ்கேன் சென்டர் திறக்கும்போது மகள், நான், எம்மெம் அக்கா மூன்று பேரும் வாசலில் நின்றோம். முன்மேசைப் பெண் ரிப்போர்ட்டைப் பார்த்தாள். “இது கையெழுத்து ஆகிருச்சு. மாத்த முடியாது.”

“மாத்தச் சொல்லல ஆத்தா. சரியான்னு கேக்கச் சொல்றோம்” என்றார் எம்மெம் அக்கா.

“மேடம் இன்னைக்குத் தேனியில. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வருவாங்க. ஸ்கேன் பண்றப்ப போன் எடுக்க மாட்டாங்க.”

டைப் அடிக்கும் பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இருபது வயதுகூட இருக்காது. முகம் வெளிறியிருந்தது. “அவங்க சொன்னததான்க்கா அடிச்சேன்.”

“நீ பொய் சொல்றேன்னு யாரு சொன்னா? புள்ளின்னு சொன்னாங்களா, அத மட்டும் சொல்லு.”

அந்தப் பெண் யோசித்தாள். “ஞாபகம் இல்லக்கா. நேத்து இருபது பேருக்கு மேல.”

“ஞாபகம் இல்லன்னு சொன்ன பாரு, அது நல்ல பதில்” என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்தார். “நாங்க நாலு மணி வரைக்கும் இருக்கோம்.”

பத்து மணிக்கு, மதுரை போகப் பேசியிருந்த டாக்சி வந்து சென்டர் வாசலில் நின்றது. கணவர் இறங்கினார், பின்னாலேயே மதினி. கணவர் மகளின் பையைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார். மதினி என் கையைப் பிடித்தார்.

“ஒரு மணிக்குள்ள அங்க இருக்கணும். முறுக்கிக்கிட்டா ஆபத்துன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. காயி பொறுக்குறவ பேச்சக் கேட்டுக்கிட்டு பிள்ளைய பெஞ்சில உக்கார வச்சிருக்க. படிச்சவதான நீ? பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

எம்மெம் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை நாளுக்குப் பிறகு அடுத்தவர் முடிவில் அவர் கை வைப்பதில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

வாழ்நாள் முழுக்கப் பயந்தே முடிவெடுத்தவள் நான். அன்றைக்கும் பயம் குறையவில்லை. ஆனால் பயம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. ஒரு பக்கத்தில் கேள்வி கேட்க இடம் இருந்தது, மறுபக்கத்தில் இல்லை.

“நான் பதில் சொல்றேன் மதினி” என்றேன். வண்டிக்குள் இருந்த பையை எடுத்து வெளியே வைத்தேன். கணவரிடம், “ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நாளைக்கு வர்றோம்னு சொல்லுங்க” என்றேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிரைவரிடம் போய்ப் பேசினார். டாக்சி திரும்பிப் போயிற்று. மதினி அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. போகட்டும்.

முன்மேசைப் பெண் மதியம் எங்களை வெளியே போகச் சொன்னாள், சாப்பாட்டு நேரமாம். “நீ சாப்புடு ஆத்தா, நாங்க ஒன் எலையப் பாக்க மாட்டோம்” என்று எம்மெம் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு யாரும் எங்களை விரட்டவில்லை. ஸ்கேன் எடுப்பதென்றால் சிறுநீர் முட்ட வேண்டுமென்று, மூன்று மணியிலிருந்து மகளுக்குத் தண்ணீர் கொடுத்தோம். நாலு மணி ஆயிற்று. டாக்டர் வரவில்லை. நாலரை. மகள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, “அம்மா, முடியல” என்றாள். “இன்னுங் கொஞ்ச நேரம் ஆத்தா” என்றார் எம்மெம் அக்கா. அவர் குரலில் முதல்முறையாக ஒரு தளர்ச்சி கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்தேன். அவள் வலியில் ஒருமுறை முனகியபோது, நான் தப்புச் செய்துவிட்டேன், என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று தோன்றி வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. நாற்பது வயதுப் பெண், தோளில் பை, கையில் சாப்பிடாத டிபன் கேரியர். முன்மேசைப் பெண் எழுவதற்குள் எம்மெம் அக்கா எழுந்து வழியில் நின்றார்.

“அம்மா, நேத்து இந்தப் பிள்ளைக்கு ஏழு எட்டுன்னு சொன்னீங்களாமே. அது எம்மெம்மா, சென்டியா?”

“நீங்க யாரு?”

“பக்கத்து வீடு.”

டாக்டர் என்னிடமிருந்து தாளை வாங்கினார். நின்றபடியே படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போது டிபன் கேரியரைத் தரையில் வைத்தார். “உள்ள வாங்க” என்றார். எங்கள் மூன்று பேரையுமே.

திரை கறுப்பும் சாம்பலுமாக அசைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் இடப்பக்கத்தில் நிறுத்தி, ஒரு சின்னக் கறுப்புப் பொட்டின் இரண்டு ஓரத்திலும் குறி வைத்தார். பிறகு குறுக்காக இன்னொரு முறை. எண்களை இந்தத் தடவை அவரே சொல்லவில்லை, திரையைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார்.

“ஏழு மில்லிமீட்டருக்கு எட்டு மில்லிமீட்டர். நீளம் இது, அகலம் இது. இத நான் ரெண்டு அளவாத்தான் சொன்னேன், ஒண்ணா அடிச்சிருக்காங்க. கையெழுத்துப் போடும்போது நான் பாத்திருக்கணும். பாக்கல. ரிப்போர்ட்டுல நீர்க்கட்டின்னு போட்டாலும் இது முட்டை வளர்ற பைதான். இந்த வயசுப் பிள்ளைக எல்லாருக்கும் இருக்கும். நோயே இல்ல.”

“அப்ப ஏன் வலிக்கிது?” என்று கேட்டேன்.

டாக்டர் கருவியை மெல்ல நகர்த்திப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து என் மகளின் வயிற்றைத் துடைத்தார்.

“கட்டி ஒண்ணும் இல்ல. மலம்தான் கட்டியிருக்கு. மருந்து எழுதித் தர்றேன். முதல்ல ஓடிப்போய் ஒண்ணுக்குப் போயிட்டு வாம்மா, எவ்வளவு நேரமா அடக்கி வச்சிருக்க!”